ஆடியில் அளக்காத கரை

அன்புள்ள நண்பருக்கு,

ஆய்க்குடியிலிருந்து உம் மனைவி நேற்று ஒரு பை கொடுத்தனுப்பியிருந்தார். பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாம். கல்லூரிக்குச் சேர வேண்டிய பொருளாக இருக்கலாம் என்று எண்ணியிருக்கிறார். உள்ளே நம் அளவுக் கயிறு இருந்தது. மேசைமேல் வைத்து முடிச்சுகளைத் தளர்த்தினேன். கருப்பும் சிவப்பும் கலந்த மணல் உதிர்ந்தது. நம் ஊர்ச் சிற்றாற்றில் இந்த மணல் கிடையாது; இது கடற்கரை மணல். நீர் காலமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நம் கல்லூரியில் நான் புவியியல் துறை, நீர் கணிதத் துறை. திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு மீனவ ஊரின் கரையும் அதன் பின்னுள்ள மணல்மேடும் எவ்வாறு மாறுகின்றன என்று அளந்து சொல்லும் பணி நமக்கு வந்தது. கரையில் எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்பதை நம் அறிக்கையை வைத்தே முடிவு செய்வார்கள். மேட்டுக்குப் பின்னால் நட்ட அடையாளக் கல்லிலிருந்து தொடங்குவோம். ஒரே உயரமுள்ள இரண்டு கோல்கள், நடுவே இந்தக் கயிறு. தொடுவானக் கோட்டோடு கண்ணைப் பொருத்தி, ஒவ்வோர் அடியிலும் மணல் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொண்டே அலைவரை போவோம். அளவாளர் இருவர், தாளின் அடியில் இருவர் கையொப்பம். அந்த விதியை எழுதியவன் நான்.

நம் பிழை அந்த விதியில் இல்லை. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசியில் வாடகை வண்டி கிடைக்காது என்பது நமக்குப் பிறந்தது முதல் தெரிந்த செய்தி. ஆகவே ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் களப்பணி இல்லை என்று திட்டத்திலேயே எழுதிவிட்டேன். அதை ஒரு முடிவு என்றுகூட நான் நினைக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் அப்படியே அளந்தோம். அட்டவணையில் கரை அகலமாக, அசையாமல் கிடந்தது. ‘நிலையான கரை’ என்று எழுதினேன். ஊரார் கேட்டிருந்த வலைபின்னும் கூடத்தை மணல்மேட்டின் கடற்பக்கம் கட்டலாம் என்று பரிந்துரைத்து, இடத்துக்கு முளையும் அடித்தோம்.

அன்று படகுக்காரர் அந்தோணி அண்ணாச்சி நம்மைப் பார்த்துச் சிரித்தது நினைவிருக்கும். “கரை நல்லா இருக்கும்போதே வந்து நாடி பிடிச்சிட்டுப் போறிய. காய்ச்சல்ல கெடக்கும்போது ஒருநாளும் வரக் காணோம்,” என்றார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. நீர் அதை மனத்தில் வைத்திருந்திருக்கிறீர்.

அந்த ஆடியில் ஒரு திங்கட்கிழமை, சட்டையெல்லாம் உப்புப் பூத்திருக்க, என் அறைக்கு வந்தீர். முந்தைய நாள் யாரிடமும் சொல்லாமல் பேருந்தில் போய், அண்ணாச்சியை ஒரு கோலைப் பிடிக்கச் சொல்லி அளந்து வந்திருந்தீர். தாளை மேசையில் வைத்தீர். நான் எண்களைப் பார்க்கும் முன்பே தாளின் அடியைப் பார்த்தேன். ஒரே ஒரு கையொப்பம். அண்ணாச்சி அளவாளர் பட்டியலில் இல்லை. ஆகவே இதை ஏற்க இயலாது என்றேன். கட்டட இடத்தை முடிவு செய்யும் கூட்டத்துக்கு எட்டு நாளே இருந்தது. என் வரைவறிக்கை ஏற்கெனவே போய்விட்டது. அந்த எட்டு நாள் கணக்கும் என் மறுப்பில் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நீர் கோபப்படவில்லை. “செரி வே, ரெண்டாவது கையெழுத்துக்கு நீரே வாரும்,” என்றீர்.

வண்டிக்கு எங்கே போவது என்று கேட்டேன். “வண்டிதான் கிடைக்காது. ஊரே இங்கன குளிக்க வருது; இங்கேருந்து அங்கன போறதுக்கு ஆளே இல்ல. பஸ்ஸு காலியா கெடக்கு.” நீர் சொன்னது உண்மை. எதிரே வந்த பேருந்துகள், தலை நிறைய எண்ணெயோடு குளிக்க வருகிறவர்களால் பிதுங்கி வழிந்தன. நாம் திருநெல்வேலிவரை ஆளுக்கொரு சன்னலோரத்தில் உட்கார்ந்து போனோம். இரண்டு ஆண்டுகளில் ஒருமுறையேனும் நான் பேருந்து நிலையத்துக்குப் போய்ப் பார்த்திருக்கலாம்.

கரையில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. குறிப்பேட்டைப் பிரித்து நம் முளைகளைத் தேடினேன். “முளையா சார்? அது போன அமாவாசைக்கே போயிட்டு,” என்றார் அண்ணாச்சி. குறிப்பேட்டின்படி உலர்மணல் இருக்க வேண்டிய இடத்தில் முழங்கால் தண்ணீரில் கோலைப் பிடித்து நின்றேன். மேட்டின் அடிவாரத்தை அலை நெட்டுக்குத்தாக அரிந்திருந்தது. அங்கிருந்து சரியும் மணல்தான் கரை முழுவதும் போய்விடாமல் காக்கிறது என்றும், காற்று திரும்பிய பின் கடலே அதைக் கொண்டுவந்து சேர்க்கும் என்றும் நீர் விளக்கினீர். இவையெல்லாம் நான் வகுப்பில் நடத்துகிற பாடம். மேட்டின் கடற்பக்கம் கூடம் வந்தால் மறு ஆண்டே அதைக் காக்கக் கல்சுவர் கேட்பார்கள். சுவர் வந்தால் அடுத்த ஊரின் கரை குறையும். அலைக்கு மேலாகக் கத்தி ஒவ்வோர் அளவையும் சொன்னீர். நான் எழுதினேன். இருவரும் கையொப்பமிட்டோம்.

கூட்டத்தில் என் வரைவை நானே திரும்பப் பெற்றேன். ‘கூடுதல் கள ஆய்வின் அடிப்படையில்’ என்று காரணம் எழுதினேன். நீர் முன்பே தனியாகப் போய் வந்ததையோ, நான் அந்தத் தாளை மறுத்ததையோ எழுதவில்லை. படித்துவிட்டு, “கூடுதலா வே? இப்பந்தான் பாதி வேலை முடிஞ்சிருக்கு,” என்று மட்டும் சொன்னீர். சிரித்தீர். அதன் பிறகு நாம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

கூடம் மேட்டுக்குப் பின்னால், பனைகளை ஒட்டிக் கட்டப்பட்டது. கடலிலிருந்து தூரம் என்று தொடக்கத்தில் குறைபட்டார்கள். இப்போது கச்சான் மாதங்களில் ஊரே அங்கேதான் உட்காருகிறது. ஆண்டுதோறும் ஆடியில் பேருந்தில் போய் அளந்து வருகிறேன். எந்தக் கரையைப் பற்றி எழுதினாலும் முதல் பக்கத்தில் அளக்காத மாதங்களையும் அதற்கான காரணத்தையும் எழுதுகிறேன். அந்தப் பக்கம் அறிக்கையைப் பலவீனப்படுத்துகிறது என்று ஓர் அதிகாரி எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை.

இந்த மாதம் அந்தக் கரையின் இறுதித் தொகுப்பு அச்சுக்குப் போகிறது. நான் மறுத்த உம் தாள் என் கோப்பிலேயே இருந்தது. அதைப் பின்னிணைப்பின் முதல் தாளாகச் சேர்த்திருக்கிறேன். காலியாக இருந்த இடத்தில் என் பெயரை எழுதிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அன்று நான் அங்கே இல்லை, ஆகவே அது பொய்யாகும். பட்டியலில் இல்லாவிட்டாலும் கோல் பிடித்தவர் அந்தோணி என்று குறித்தேன். அதன் கீழே, ‘இரண்டாம் அளவாளர் வரவில்லை. அளவு சரியானது’ என்று எழுதி, அதற்குக் கையொப்பமிட்டேன்.