இத்தாவில் ஒட்டிய பின்பலகைகள்

1933 ஒக்டோபர் 3, செவ்.

விடிந்ததிலிருந்து மழை. பாலிஷ் போட ஏலாத நாள். ஈரத்தில் போட்டால் அரக்கு வெள்ளை பூக்கும். போன கிழமை ஒன்று அப்படிப் பூத்து, முழுதும் தேய்த்தெடுத்து மறுபடி முதலிலிருந்து.

இன்று தேய்ப்பு மட்டும். கெலிஓயா ஹாஜியாருக்கு ஆறு மணிக்கூடு. ஆறு மகள்மார், ஆறு வீட்டுக்கும் ஒவ்வொன்று. முகப்பு எல்லாம் வாப்பா அறுத்துவிட்டார். மிதித்து ஓட்டும் வாள், நூல் மாதிரி அலகு, பூவும் கொடியும். முன்னால் பார்த்தால் அழகு. பின்னால் பூனைமயிர் மாதிரிச் சிலும்பு. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் மண்தாளை மடித்து விட்டு இழுப்பது என் வேலை. நாலு முடிந்தது. நடுவிரல் தோல் போய்விட்டது.

இங்கிலாந்திலிருந்து வந்த மாதிரிப் படத்தில் இரண்டு மான் இருந்தது. உயிருள்ள உருவம் வேண்டாமென்று ஹாஜியார். "தலய மட்டும் எடுத்தாப் போதும்" என்றாராம். வாப்பா: "தல இல்லாத மானப் பாத்து யாரு நேரம் பாக்கிற?" முழு மானையும் இலையாக்கிவிட்டார். கால் நாலும் காம்பு.

தலாக்குக்குப் பிறகு காத்திருக்கும் இத்தாவின் கணக்கு. இங்கே மட்டும் எழுதுகிறேன். அவர் தலாக் சொன்ன பிறகு மாதவிலக்கு இரண்டு தரம் வந்துவிட்டது. மூன்றாவது தொடங்கினால் இத்தா முடிந்தது. அதற்குள் அவர் வாயால் 'மீட்டுக்கொண்டேன்' என்றால் போதும், நான் பழையபடி மனைவி. அதற்குப் பிறகென்றால் புது நிக்காஹ்தான். அதற்கு வாப்பா அவர் கையைப் பிடித்து என்னைத் தர வேண்டும். என்னைக் கூட்டிவந்த அன்றே வாப்பா சொல்லிவிட்டார்: "ரெண்டாந் தரம் அந்த ஊட்டுக்கு என்ட புள்ளயக் குடுக்க மாட்டன்."

மூன்றாவது வரவேண்டிய நாள் போய்விட்டது. இன்னும் இல்லை. உடம்பு எனக்காகக் கொஞ்சம் பொறுக்கிறதோ.

5, வியா.

வெயில். அவசரம் அவசரமாகப் பாலிஷ். பஞ்சை மெல்லிய துணியில் சுற்றி, அரக்கில் தொட்டு, அழுத்தாமல். முன்பக்கமும் ஓட்டைகளின் உள்விளிம்பும் மட்டும். பின்பக்கத்தில் ஒரு துளி படக்கூடாது. பாலிஷ் பட்ட இடத்தில் வச்சிரப் பசை பிடிக்காது. பின்பலகையை ஒட்டிவிட்டுப் பிறகு முகப்புக்குப் பாலிஷ் போடலாமே என்று முதல் வருஷம் நினைத்தேன். ஓட்டைகள் வழியே வழிந்து வெல்வெட் முழுக்கக் கறை. ஆகவே முதலில் மினுக்கு, பிறகு ஒட்டு.

ஆமினா தாத்தா வந்தா, ஊருக்கெல்லாம் மூத்த அக்கா. தையல் கடைகளில் மிஞ்சும் வெல்வெட்டும் லேஸும் மூட்டை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவ. மாத்தளை ரயிலில் ஏறினால் அவர் ஊரான வத்தேகமையில் இறங்குவா. கண்டியில் கேட்டது அங்கே, அங்கே கேட்டது இங்கே.

"என்ன புள்ள, மணிக்கூட்டுக்கும் சட்ட போடறியா?"

"முதுகுக்கு மட்டும், தாத்தா."

"எங்கட காலத்தில மனிசருக்கே முதுகுக்குத் துணி இல்ல."

சிவப்பு மூன்று துண்டு, கரும்பச்சை மூன்று. பச்சையில் ஒன்று மடிப்பு விழுந்தது. நீராவி காட்ட வேண்டும்.

குசினியில் உம்மாவிடம் மெல்லிய குரலில், மெல்லியது என்று அவ நினைத்துக்கொண்டு: "முடிஞ்சிட்டா?"

"இன்னும் இல்ல. தள்ளிப் போகுது."

"அப்ப நேரம் ஈக்கி. சனிக்கிழம நான் அங்க போறன்."

உம்மா அவவுக்கு இன்னொரு கோப்பை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தா.

7, சனி

பின்பலகை வெட்டு. தேயிலைப் பெட்டிப் பலகைதான் நல்லது. மெல்லிய மூன்று தோல் ஒன்றாக ஒட்டியது, மழைக்கு வளையாது. உள்ளே இருக்கிற ஈயத்தாளை உரிக்க வேண்டும். உரித்த பிறகும் நாள்பட்ட தேயிலை வாசம் போகாது. ஹாஜியார் மகள்மார் மணிக்கூட்டின் பின்னால் மூக்கை வைத்தால் தெரியும். யார் வைக்கப் போகிறார்கள்.

நடுவில் மெஷின் வரும் ஓட்டையை வாப்பா போட்டுத் தந்தார்.

வேலை செய்யும்போது நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தேன். முடியவில்லை. வத்தேகமையில் அவர் கடைக்குச் சாமான் சுற்றப் பழைய பத்திரிகை கட்டுக்கட்டாக வரும். அவருக்கு வாசிப்பில் விருப்பம் இல்லை. ஆனாலும் தொடர்கதை இருந்த தாளைத் தனியே எடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவருவார். நடு அத்தியாயங்கள் இருக்காது. கதாநாயகி ஒரு தாளில் கப்பல் ஏறுவாள், அடுத்த தாளில் விதவை. இடையில் என்ன நடந்ததென்று நான் கட்டிச் சொல்வேன். கேட்டபடியே தூங்கிவிடுவார். காலையில், "அந்தப் பொம்பளைக்குப் பொறகு என்னாச்சு?"

அப்படிப்பட்டவர்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு தலாக் சொன்னார். மாமி பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தா. நாலு வருஷம், பிள்ளை இல்லை. ஒரு தரம்தான் சொன்னார். மூன்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் மீட்க வழியே இல்லை. அந்த ஒன்றைத்தான் இத்தனை நாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

விலக்கு இன்னும் இல்லை.

10, செவ்.

வாங்க: வச்சிரம், மண்தாள் (மெல்லியது), பஞ்சு. உம்மாவுக்கு இருமல் மருந்து.

வெல்வெட் ஒட்டினேன், மூன்று. வச்சிரப் பாத்திரத்தைக் கொதிநீருக்குள் வைத்துச் சூடாக்குவது, அந்த நாற்றம், யன்னல் எல்லாம் சாத்தி. காற்றுப் பட்டால் கட்டியாகிவிடும். பலகைக்குத்தான் பூச வேண்டும், துணிக்கல்ல. பூசியதும் வைக்கவும் கூடாது. விரல் வைத்தால் இழுக்கும், ஒட்டிக்கொண்டு வராது, அந்த நேரம்தான் சரி. முந்தினால் துணியை ஊறிக் கொண்டு வரும், பிந்தினால் பிடிக்காது.

மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஆமினா தாத்தா. மூட்டையைக்கூட இறக்கவில்லை.

"வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய வாறாராம். கூட்டிட்டுப் போக. அவர் வாயாலயே சென்னார்."

உம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டா. நான் கையில் வெல்வெட்டோடு நின்றேன். அந்தப் பலகை பிந்திவிட்டது, சுரண்டி மறுபடி பூசினேன். அதற்காக வருத்தமில்லை.

"ஏன் வெள்ளிக்கிழம?" என்று உம்மா.

"அன்டைக்குத்தானே கட பூட்டு."

வாப்பாவிடம் உம்மா சொன்னா. அவர் வாளை நிறுத்தவில்லை. கொஞ்சம் கழித்து: "மீட்டெடுக்கிறது அவர்ட உரிம. நான் குறுக்க நிக்கமாட்டன்."

11, புத.

இரவு முழுக்க மழை, எனக்குத் தூக்கமும் நல்ல தூக்கம். மற்ற மூன்றுக்கும் வெல்வெட். பச்சையில் மடிப்புப் போய்விட்டது.

என் பெட்டியில் சீலைகளை மடித்து வைத்தேன். எடுத்துக் கலைத்தேன். மறுபடி மடித்தேன்.

ஒரு நினைப்பு, எழுதாமல் இருக்க முடியவில்லை. மீட்க நான் முன்னால் இருக்கவே வேண்டியதில்லை. அரபுத் தமிழ்க் கிதாபில் இருக்கிறது, நானே வாசித்தேன். கடையில் நின்றபடி இரண்டு பேர் காதுபடச் சொன்னாலும் போதும். சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம். அவருக்கு அது தெரியாது. அல்லது இங்கே வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்ல நினைக்கிறார். இரண்டாவதையே வைத்துக்கொள்கிறேன்.

12, வியா.

முகப்பையும் பின்பலகையையும் சேர்க்கும் நாள். வச்சிரம் மெல்லிய கோடாக, கொடிகளின் முதுகில் மட்டும், தீக்குச்சியால். கூடினால் ஓட்டை வழியே பிதுங்கும். நாலு சேர்த்து, மேலே பழைய தராசுக் கற்களை ஏற்றி வைத்துவிட்டு எழும்பினேன்.

பின்னேரம், அஸர் தொழுகை நேரம். விலக்கு வந்துவிட்டது.

கிணற்றடியில் எவ்வளவு நேரம் நின்றேனோ. உம்மா வந்து பார்த்தா. அவவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"யார்ட்டயும் செல்லாத."

"உம்மா."

"ஒரு ராத்திரி. நாளைக்கு அவர் வந்து அந்த ஒரு சொல்லச் சென்னாப் போதும். யாருக்குத் தெரியும்? நீ செல்லாட்டி யாருக்கும் தெரியாது."

உண்மை. இந்த ஒரு விஷயத்தில் பெண்ணின் வாக்குத்தான் சாட்சி. வேறு யாரையும் கேட்கமாட்டார்கள். மறைக்கக்கூடாது என்பதும் கிதாபில் அந்த இடத்திலேயே இருக்கிறது.

மஃரிப் முடிந்து வாப்பா பள்ளிவாசலிலிருந்து வரும்போது நான் தொழுதுகொண்டிருக்க வேண்டும். விலக்கு வந்தவளுக்குத் தொழுகை இல்லை, தொழாவிட்டால் இந்த வீட்டில் எல்லாருக்கும் விளங்கும். உம்மா பாயை விரித்து வைத்தா. நான் முகம் கை கால் கழுவினேன். தலையை மூடினேன். பாயில் ஏறி நின்றேன்.

கையைத் தூக்க முடியவில்லை. அவரோடு வாழ வேண்டும் என்று எவ்வளவு ஆசை என்று இறைவனுக்குத் தெரியும். இந்த நிலையில், அவனுக்கு முன்னாலேயே நடித்து, அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் ஹராமில். பத்திரிகைத் தாளை அவர் நீட்டும்போது எந்தக் கையால் வாங்குவேன்.

பாயைச் சுருட்டி வைத்தேன். வாப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார், சுருட்டிய பாயைப் பார்த்தார். உம்மா குசினிக்குள் அழுதா.

வத்தேகமைக்கு ஆள் அனுப்பி வரவேண்டாம் என்று சொல்லலாமா என்று வாப்பா. வேண்டாம் என்றேன். வரட்டும். கேட்க வேண்டியதை அவரே கேட்டுக்கொண்டு போகட்டும்.

மிச்ச இரண்டும் சேர்க்கவில்லை.

13, வெள்.

வெயிலும் தூறலுமாக.

ஜும்ஆ முடிந்து வந்தார். கோட்டு, புதுத் தொப்பி. திரையின் இடுக்கால் பார்த்தேன். அது கூடாது, ஆனாலும். மெலிந்திருக்கிறார். ஒரு கூடை யாழ்ப்பாணத்து மாதுளை.

ஸலாம் சொல்லி உட்கார்ந்தார். வாப்பாவும் அவரும் மழையைப் பற்றி. பிறகு மிளகு விலை. நான் தேத்தண்ணியோடு வெளியே வந்தால் இன்னும் மனைவி. உள்ளேயே நின்றால் அந்நியப் பெண். உம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தா. நான் நகரவில்லை. அவவே கொண்டுபோனா.

கோப்பையை வாங்கியவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ வரல்லயா?"

நான்தான் திரைக்குப் பின்னாலிருந்து: "நான் வரக்கூடாது. முடிஞ்சிட்டு."

"எப்ப?"

"நேத்து அஸருக்கு."

வாப்பா கதிரையை முன்னுக்கு இழுத்தார். அந்தக் குரலை நான் முன்பு கேட்டதில்லை. "தம்பி, யோசிச்சுச் செல்லுங்க. கடையில, பள்ளி மோதின்ட்ட, யார்ட்டயாவது வாயால சென்னீங்களா? மீட்டிட்டன்டு? நேத்தைக்கு முந்தி?"

"கூட்டிட்டு வரப் போறன்டு சென்னன்."

"அது காணாது. மீட்டிட்டன்டு?"

"இல்ல. இங்க வந்து செல்ல இருந்தன்."

மழை கூரையில் கொஞ்சம் கொட்டி ஓய்ந்தது.

"அப்ப நேத்துக் காலையில வந்திருந்தா?" என்னைத்தான் கேட்டார். திரையைப் பார்த்து.

"நான் வந்திருப்பன்."

அதற்குப் பிறகு வாப்பா காத்திருந்தார். அவர் கேட்டிருந்தால், புது நிக்காஹ் என்று ஒரு சொல் கேட்டிருந்தால், வாப்பா கையை நீட்டியிருப்பார். கதிரையின் நுனியில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். நானும் காத்திருந்தேன். திரைத் துணியைப் பிடித்த என் விரல்களில் காய்ந்த வச்சிரம்.

அவர் தேத்தண்ணியை முழுவதும் குடித்தார். "உம்மாட்ட என்ன செல்ற" என்றார், யாருக்கும் இல்லாமல். ரயிலுக்கு நேரமாகிறது என்றார். ஸலாம் சொன்னார். போய்விட்டார்.

14, சனி

மழை. மிச்ச இரண்டும் சேர்த்தேன். முன்னைய நாலிலும் கல்லை எடுத்தேன், எல்லாம் நன்றாகப் பிடித்திருக்கிறது.

வாப்பா இன்று வாளில் உட்காரவில்லை. மேசைக்கு எதிரே வந்து நின்று, பாலிஷ் போத்தலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"மகள், நான் அன்டைக்கி அப்பிடிச் சென்னது அவர்ட காதுல விழுந்திருக்குமா? ரெண்டாந் தரம் குடுக்க மாட்டன்டு சென்னது."

"இல்ல வாப்பா" என்றேன். "யாரு போய்ச் செல்லப் போற?"

ஆமினா தாத்தா அதை முதல் கிழமையே வத்தேகமைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டா. எனக்கு அப்போதே தெரியும்.

வாப்பா போத்தலை மூடி வைத்தார். பிறகு போய் வாளை மிதித்தார்.