சக்கரச் சத்தத்தில் கேட்டது

அன்பு மச்சான் ராசனுக்கு,

நீ போய் எட்டு மாதம். உன் மகளுக்கு ஜெர்மன் நன்றாக வருகிறது. அப்பா எப்படிச் செத்தார் என்று இப்போது இரண்டு மொழியில் கேட்கிறாள்.

செவ்வாய்க்கிழமை வழக்கு. உனக்குத் தெரிந்ததை வாசிப்பவர்களுக்காக ஒருமுறை சொல்கிறேன். எசனிலிருந்து நியூரம்பேர்க் ரயிலில் போய்க்கொண்டிருந்தோம். தலையை மழித்த நாசிக் கும்பல்காரர் நால்வர் ஏறினார்கள். "மச்சான், உவங்கள் எந்தக் கோயிலுக்கு நேர்த்தி வச்சவங்கள்?" என்றாய். சிரித்துக்கொண்டே கழிவறைக்குப் போனேன்.

பியர்ப் போத்தலால் உன் வாயை உடைத்தார்கள். விலாவில் ஏறி மிதித்தார்கள். அடுத்த சிறு நிலையத்தில் இழுத்து இறக்கி, காத்திருப்பறைக் கதவின் கண்ணாடியில் உன் தலையைப் புகுத்தினார்கள். பெட்டியில் இருந்த எல்லோரும் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார்களாம். படிப்பாளிகளின் நாடு.

அது நூறு வயதான வண்ணக் கண்ணாடி; ஊரின் பாரம்பரியச் சொத்து. உள்ளூர்ப் பத்திரிகை அதற்கு இரண்டு பத்தி ஒதுக்கியது. அந்த நீலம் இனிக் கிடைக்காதாம். உனக்கு ஒரு வரி. உன் சிவப்புக்குத் தட்டுப்பாடு இல்லை போலும்.

நீ தடுக்கி விழுந்தாய் என்கிறது எதிர்த்தரப்பு.

நேற்று வழக்கறிஞரைப் பார்க்க அதே ரயிலில் போனேன். எதிரே, எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு ஜப்பானியர். தகப்பனின் சாவீட்டுக்குப் போய்த் திரும்பியவர். கண்ணாடிக் கதையைச் சொன்னேன். அவர்களுடைய ஷிந்தோ மதத்தில் பெருங்கோயிலை இருபது ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுவார்களாம். சாவீட்டிலிருந்து வந்தால் உப்புத் தூவிக்கொண்டுதான் வாசல் தாண்டுவார்களாம்.

"எங்களுக்கும் துடக்கு உண்டு. முப்பத்தொரு நாள் கோயிலுக்குப் போக மாட்டோம்" என்றேன்.

"சாவுக்குக் கிட்டப் போனவரில் அழுக்கு ஒட்டும். அதற்குத்தான் உப்பு."

"கிட்டப் போகாமல் ஒளித்திருந்தவனுக்கு?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "அதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை" என்றார்.

அன்று நீ கழிவறைக் கதவில் மூன்று தரம் அடித்தாய். "திறவடா மச்சான், கொல்லப்போறாங்கள்!" நான் இரண்டு கையாலும் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உனக்கு விழுந்த உதைகளில் கதவு அதிர்ந்தது. அவர்களில் ஒருவன் மற்றவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "அடுத்த நிலையத்தில் இறக்கி முடிப்போம்" என்றான். பெயரும் கேட்டது. பொலிசில், சக்கரச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

என் தங்கச்சி, உன் மனைவி, வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்: "அண்ணைக்குக் கேட்டிருந்தா ஓடி வந்திருப்பார். பாவம், அவர் என்ன செய்யிறது?" சொல்லிவிட்டு எனக்குத் தேத்தண்ணீர் தருகிறாள். நானும் குடிக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை.

அதனால்தான் எசனில் நம்மவர் வீடெல்லாம் போகும் இந்தப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை இது அவள் கையில் இருக்கும். பிறகு என்னால் பின்வாங்க முடியாது. செவ்வாய்க்கிழமை அந்த நால்வருக்கு முன்னாலும், அவளுக்கு முன்னாலும், நீ தட்டியதைச் சொல்வேன். எத்தனை தரம் என்று கேட்டால் அதையும் சொல்வேன்.

கதவைத் திறக்காத,
உன் மனைவியின் அண்ணன்