கிராணி கொண்டுவரும் பாம் மரம்

என்னங்க,

பத்து மணிக்கு, பழைய தோட்டத்துல கூலிக்கணக்கு எழுதி நம்மளை வேலை வாங்கின கிராணி, லோரியில தொட்டியோட பெரிய பாம் மரம் விக்கக் கொண்டு வர்றார். போன தடவை மாதிரி இலைப் பச்சையைப் பார்த்துத் தலையாட்டிடாதீங்க. அப்ப அவர்கிட்ட வாங்கினது ஒரே மாசத்துல செத்துப்போய்த்தானே நேத்து நமக்குள்ள சண்டை. லோரியிலேயே தொட்டியைச் சாய்ச்சு, வேரை உருவிக் காட்டச் சொல்லுங்க. வெளுப்பா, கெட்டியா இருக்கணும். கறுத்துக் கொழகொழன்னு நாறினா திருப்பி அனுப்பிடுங்க.

அவர் முன்னாடி உங்களுக்கு வாயே வராது, தெரியும். தோட்டத்துக் கூலிக்கார லயத்து வீட்டை விட்டு வந்து ஆறு வருசம் ஆச்சு லா!

ஃபேக்டரி பஸ் வந்துடுச்சு. மனசெல்லாம் இங்கேயேதான். குழம்பைச் சுட வச்சுக்குங்க.

கங்கா

தண்டையும் ஆட்டிப் பாருங்க. லொடலொடன்னா வேர் பிடிக்கலைன்னு அர்த்தம்.

அவருக்கு நாற்காலி போடுங்க. பக்கத்துல இன்னொண்ணு போட்டு நீங்களும் உட்காருங்க.