மூணாவது 'மே'க்கு அப்புறம் நிறுத்தணும்

ஜன. 11, சனி. பண்ணை

கடுங்குளிர். தண்ணித் தொட்டி மேல ஐஸ் தகடு. சுத்தியலால உடைச்சு விட்டாச்சு.

நேத்து சாயங்காலமே இர்விங்லேர்ந்து கிளம்பினேன். ஃபோர்ட் வொர்த் தாண்டற வரைக்கும் ஃப்ரீவேல ஊர்ந்துதான் வந்தேன். கொண்டு வந்தது: கறிவேப்பிலை, இட்லி அரிசி, இருமல் மருந்து, சந்திரனுக்குத் தடியான சாக்ஸ். மறந்தது: புளி.

காலைல பட்டியில ஒரு குட்டி இல்ல. கறுப்பு ஆட்டோடது. வேலி ஓரம் கொஞ்சம் ரத்தம், முடி. தாய் ஆடு அங்கேயே நின்னு கத்திட்டிருந்தது. சந்திரன் பக்கத்துல குந்தி, "கம்முனு இரு சாமி, கம்முனு இரு"ன்னு அது கழுத்தைத் தடவினார். கோபிச்செட்டிபாளையத்து ஆளுக்கு ஆடும் சாமி, நாயும் சாமி. எனக்கு மட்டும் இன்னும் "வாங்க, போங்க".

கல்யாணமாகி அஞ்சு மாசம். அவருக்கு அம்பத்தாறு, எனக்கு அம்பத்தொண்ணு. ரெண்டு பேருக்கும் ரெண்டாவது. அவர் மனைவி சுமதி தவறி நாலு வருஷம். எனக்கு டிவோர்ஸ், அது ஏதோ போன ஜென்மம் மாதிரி. வேலை நாள்ல நான் இர்விங் அபார்ட்மென்ட்ல, ஆஸ்பத்திரி லேப் டியூட்டி. அவர் இங்கேயே, லேப்டாப்பும் ஆடுகளுமா. வாரக் கடைசியில நான் வர்றேன்.

குட்டியை எடுத்தது கயோட்டி, இந்த ஊர்ல திரியற ஓநாய் ஜாதி. அந்தப் பேரே அவர் வாயில வராது. நரின்னுதான் சொல்வார். ஸ்பீக்கர் பெட்டியில மிருகச் சத்தம் போட்டு வரவழைச்சுத்தான் சுடணுமாம். எந்தச் சத்தம்னு கேட்டேன். நாளைக்கு மறக்காம இருக்க:

– முயல் அலறல். எல்லாரும் முதல்ல போடறது. பக்கத்துப் பண்ணைக்காரர் குளிர்காலம் பூரா இதையே போட்டு நரிகளுக்குப் பாடம் நடத்திட்டார். இப்ப கேட்டா எதிர்ப்பக்கம் ஓடுதாம்.
– மரங்கொத்தி கத்தறது. கிட்ட இருந்தா வரும்.
– ஊளை. இது ஜோடி சேர்ற காலம், அதனால.
– நரிக்குட்டி அழுகை. வேற எதுவும் எடுபடலேன்னா.

"ஒண்ணையே போட்டுட்டு இருக்கக் கூடாதுங்க. மெதுவா ஆரம்பிக்கோணும். நடுவுல சும்மா உக்காரோணும். அதுதான் கஷ்டம்."

லேப்ல இருபது வருஷமா சும்மா உக்காந்து பழக்கமில்ல எனக்கு.

ஜன. 12, ஞாயிறு

எப்படி எழுதறதுன்னு தெரியலை. நடந்த வரிசையில எழுதறேன்.

விடியக் கருக்கல்ல போனோம். காத்து வடக்கு. ஸ்பீக்கர் பெட்டியைத் திறந்த வெளியில ஒரு மெஸ்கீட் முள்ளுச் செடிக்கு அடியில வெச்சுட்டு, நாங்க தள்ளி சீடர் மரத்து மறைவுல, சின்ன ஸ்டூல்ல. அவர் மடியில ரைஃபிள். என் கையில ரிமோட்.

மரங்கொத்தி. ஒண்ணுமில்ல. சும்மா உக்காந்தோம். பொட்டை நரி ஊளை. ஓடைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பதில் வந்தது, ரெண்டு குரல், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி. எனக்குக் கையெல்லாம் சிலிர்த்தது. ஆனா வரலை. "ஜோடிங்க. அங்கயே நின்னு பேசுதுங்க" காதோரம் சொன்னார். "நரிக்குட்டி போடுங்க."

கையுறை தடிமன். விரல் மரத்துப் போச்சு. பட்டன் மாறி அமுக்கிட்டேன்.

மைதானம் முழுக்க ஒரு ஆட்டுக்குட்டி கத்தினது. மே. மே. மே. அப்புறம் ஒரு பொம்பளை சிரிப்பு. நல்ல வாய்விட்ட சிரிப்பு. "போதுங்களா? ஏனுங்க, தொண்டை வறண்டு போச்சு. இதுக்கு நரி வராது, நம்ம சித்தப்பாதான் வருவாரு!" மறுபடி சிரிப்பு, யாரோ ஆம்பிளையும் சேர்ந்து சிரிக்கற சத்தம். அது அவர்தான்.

நிறுத்தற பட்டன் எங்கேன்னு தெரியலை. தேடித் தேடி, அதுவே முடிஞ்சுது.

யாருன்னு நான் கேக்கலை. கேக்க வேண்டிய அவசியமும் இல்ல. அவர் தோட்டாவைக் கழட்டினார், எழுந்து போய் பெட்டியை எடுத்துட்டு வந்தார். வர்ற வழியெல்லாம் அதை இடுப்புல வெச்சு, குழந்தையைத் தூக்கற மாதிரி. "குளிருதுங்க, போலாம்"னு மட்டும் சொன்னார்.

மத்தியானம் தோசை. தொட்டுக்க இட்லிப் பொடி. ரெண்டு பேரும் உப்பு பத்திப் பேசினோம். உப்பு சரியாத்தான் இருந்தது.

ஜன. 14, செவ்வாய். இர்விங்

லேப்ல ஒரு மெஷின் படுத்துடுச்சு. ஷிஃப்ட் முடிய லேட்.

பொங்கல். குக்கர்ல சின்னதா வெச்சேன். போட்டோ அனுப்பினேன். "நல்லா இருக்குங்க"ன்னு பதில். "ஆடுங்க எப்படி?" "நல்லா இருக்குங்க." எல்லாமே நல்லா இருக்கு.

யாழினிக்கும் அதே போட்டோ. சுமதியோட பொண்ணு. இருபத்தேழு வயசு, ஈஸ்ட் பிரன்ஸ்விக்ல இருக்கா, மருந்துக் கம்பெனி வேலை. கல்யாணத்துக்கு வரலை. கோபமா வரலைன்னும் சொல்ல முடியாது, வரலை, அவ்வளவுதான். என் மெசேஜுக்கெல்லாம் ஒரு கட்டைவிரல் வரும். இன்னிக்கும் கட்டைவிரல்.

அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போகலை. பொறாமையான்னு என்னையே கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம். ஆனா அதை விட, எனக்கு அந்தப் பொம்பளையைப் பிடிச்சுப் போச்சு. சித்தப்பாதான் வருவாராம்.

ஜன. 18, சனி. பண்ணை

இன்னொரு குட்டி போச்சு. வியாழக்கிழமையாம். போன்ல சொல்லவே இல்ல இந்த மனுஷன்.

வாரம் பூரா பெட்டியைத் தொடலையாம். வாயில வெச்சு ஊதற பீப்பி மட்டும். முயலு, முயலு, அதே முயலு. எனக்கே தெரியும் அது ஆகாதுன்னு.

பட்டியில வைக்கோல் போடும்போது கேட்டுட்டேன். "பெட்டியை ஏன் எடுக்கலை?"

ரொம்ப நேரம் வைக்கோலைத் தட்டினார்.

"அந்தக் குரல் அதுல இருக்குதுங்களே. உங்களுக்குச் சங்கடம். அழிக்கலாம்னு எடுத்தனுங்க. விரல் போகலை."

"அழிக்கச் சொல்லி யாரு கேட்டா?"

"நீங்க கேக்க மாட்டீங்க. அதனாலதான் நானே..."

அப்புறம் சொன்னார். அஞ்சாறு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு நரி. பெட்டியோட வந்த ஆட்டுக்குட்டிச் சத்தம் எதுக்கும் மசியலை. அந்தச் சத்தம் இந்தப் பக்கத்துல எல்லாருகிட்டயும் இருக்கு. "புதுசா ஒண்ணு வேணும்னா நான் கத்தறன்"னு சுமதி அடுப்படியில நின்னு கத்தியிருக்கா. பதிவு பண்ணி ஏத்தியிருக்காங்க. சிரிப்பை வெட்டணும், அப்புறம் வெட்டலாம்னு விட்டது. அதுக்குள்ள அந்த நரியே காணாம போச்சு. அடுத்த வருஷம் சுமதிக்கு உடம்புக்கு முடியாம ஆச்சு.

"ஒருநாளும் வெளிய போட்டதில்லீங்க. அன்னிக்குத்தான்."

"அப்ப இந்த நரி அதைக் கேட்டதே இல்ல?"

நிமிர்ந்து பார்த்தார்.

"இருட்டுல சிரிப்போட ஒரு வாட்டி கேட்டுச்சு. தூரமா."

"சிரிப்புக்கு முன்னாடி நிறுத்தினா?"

வைக்கோல் பிரியைச் சுத்திச் சுத்தி ஒரு பந்தா ஆக்கினார். அப்புறம் தலையை ஆட்டினார். வேணாம்ங்கறாரா சரிங்கறாரான்னு புரியாத ஆட்டல்.

ஜன. 19, ஞாயிறு

மழை. வெளியில போக முடியாது.

காபிக்கு அப்புறம் அவரே பெட்டியைக் கொண்டு வந்து சாப்பாட்டு மேஜைல வெச்சார். வால்யூம் குறைச்சு. "பழகிக்கோங்க."

மூணாவது 'மே' முடிஞ்சதும் நிறுத்தணும். சீக்கிரம் நிறுத்தினா குட்டி பாதியில அறுந்த மாதிரி. ஒரு நொடி விட்டா சிரிப்பு. மூணாவது 'மே'க்கு முன்னாடி சுமதி மூச்சு இழுக்கறது கேக்குது. கவனிச்சா, அந்த மூச்சுலயே சிரிப்பு ஏற ஆரம்பிச்சுடறது.

எத்தனை தடவை போட்டேனோ. தப்பும்போதெல்லாம் அவ சிரிச்சா. முதல்ல அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்னார். அப்புறம் வந்து உக்காந்தார். அப்புறம் ஒரு தடவை, "சித்தப்பாதான் வருவாரு"ன்னு வந்ததும், என்னால முடியலை, நானும் சிரிச்சுட்டேன். அவரும். கண்ணைத் துடைச்சுட்டே சிரிப்பு.

"யாரு அந்தச் சித்தப்பா?"

"எங்க சித்தப்பாங்க. ஆட்டுக்கறின்னா எங்கிருந்தாலும் மோப்பம் பிடிச்சு வந்துருவாரு."

அப்புறம் சாயங்காலம் வரைக்கும் பேசினார். சுமதிக்குப் பாகற்காய் ஆகாது. கார் ஓட்டும்போது எல்லா டிரைவரையும் தமிழ்ல திட்டுவா. கீமோ வார்டுல நர்ஸுக்கெல்லாம் ரங்கோலி சொல்லிக் கொடுத்தா. இதெல்லாம் அஞ்சு மாசமா எனக்குத் தெரியாது. நான் கேட்டா அவருக்கு வலிக்கும்னு நான். அவர் சொன்னா எனக்கு வலிக்கும்னு அவர்.

ராத்திரி ரசம். புளி இல்லாம எலுமிச்சை பிழிஞ்சு. பரவாயில்ல.

ஜன. 20, திங்கள். லீவு

மழை விட்டு வானம் கழுவின மாதிரி. காத்து மேற்கு, லேசா. பொழுது இறங்கறதுக்கு முன்னாடி போனோம். இந்தத் தடவை வேற இடம், ஓடை வளைவுகிட்ட. போன இடத்துக்கே போகக் கூடாதாம்.

முதல்ல ஒண்ணும் போடலை. உக்காந்தோம். அவர் விரலைக் காட்டினதும் போட்டேன், சின்னதா. மே. மே. மூச்சு. மே. நிறுத்தினேன்.

சத்தமே இல்ல.

மறுபடி. நிறுத்தினேன். கொஞ்சம் கூட்டி, மறுபடி. நிறுத்தினேன்.

அது வந்ததை நான் பார்க்கலை. புல்லு நிறத்துலயே புல்லுக்கு நடுவுல நின்னுட்டிருந்தது. காது ரெண்டும் முன்னால. தலையைச் சாய்ச்சுக் கேட்டது. காத்துப் பக்கமா சுத்தி வர ஆரம்பிச்சுது. எங்க வாசனை எட்டிட்டா போச்சு. அவர் கன்னம் ரைஃபிள்ல பதிஞ்சிருந்தது, ஆனா சுடலை. நரி ஓடிட்டே இருந்தா சுட மாட்டார். நிக்கணும்.

இன்னொரு தடவை போட்டேன். அவர் சொல்லாம, நானே. ஒரே ஒரு 'மே'.

நின்னுது.

ஒரு வெடி.

போய்ப் பார்த்தோம். ஆண். வயசானது. முன் பல்லு தேஞ்சு, ஒண்ணு பாதி உடைஞ்சு. "முயலு பிடிக்க முடியலைங்க இதுக்கு. அதான் குட்டிக்கு வந்திருக்குது." அவர் குந்தி அதோட காதுக்குப் பின்னாடி ஒரு நிமிஷம் கை வெச்சார். சந்தோஷம்னு சொல்ல முடியாது. நிம்மதி, அதுலயும் ஒரு முள்ளு.

"நல்லா நிறுத்துனீங்க"ன்னார்.

அவ்வளவு தூரம் நடந்து வரும்போது என் கையைப் பிடிச்சுட்டு வந்தார். கையுறை இல்லாம.

ஜன. 21, செவ்வாய்

டியூட்டிக்கு விடியக் கிளம்பும்போது ஓடைப் பக்கம் ஒரு ஊளை. ஒரே குரல். ஊளையிடும், நிறுத்தும், கேக்கும், மறுபடி ஊளையிடும்.

கார் கதவைப் பிடிச்சுட்டு ரெண்டு பேரும் நின்னோம். ரைஃபிள் வீட்டுக்குள்ள இருந்தது. அவர் எடுக்கப் போகலை.

"இதுவும் குட்டிக்கு வருமா?"

"தெரியலீங்க. வேலியைப் பலமாப் போட்டுடறன். வந்தா அப்பப் பார்ப்போம்."

லேப்ல நாள் முழுக்க ஞாபகம் அங்கேயே.

ஜன. 25, சனி. பண்ணை

வேலி முடிஞ்சுது. குட்டிங்க எல்லாம் பத்திரம். அவர் இருமலும் தேவலை.

காலைல கேட்டேன், யாழினிகிட்ட இந்தக் குரல் இருக்கான்னு. இருக்காதாம். போன்ல இருந்த வீடியோ எல்லாம் ஆஸ்பத்திரிக் காலத்துது, அதுல குரல் வேற மாதிரி. இது அதுக்கு முன்னாடி.

"அனுப்பலாமே."

"நான் அனுப்புனா என்ன எழுதறதுங்க? நீங்களே..." கொஞ்சம் நிறுத்தி, "நீயே அனுப்பும்மா."

எழுதி எழுதி அழிச்சேன். கடைசியில தமிழ்லயே: "யாழினி, உங்க அம்மா ஆட்டுக்குட்டி மாதிரி கத்தினது. அப்பாகிட்ட இருந்தது. தனியா இருக்கும்போது கேளும்மா." வெட்டாம முழுசா அனுப்பினேன்.

கட்டைவிரல் வரலை. ஒண்ணுமே வரலை. தப்புப் பண்ணிட்டேனோன்னு பாத்திரம் தேய்ச்சேன், ஏற்கெனவே தேய்ச்ச பாத்திரத்தை.

மத்தியானம் போன். அவ பேர். முதல் தடவையா.

"ஆன்ட்டி." அப்புறம் மூச்சு மட்டும். அப்புறம், "ஷி சௌண்ட்ஸ் ஸோ ஹாப்பி."

"ஆமாம்மா."

"ஐ ஃபர்காட் ஷி லாஃப்ட் லைக் தட்."

அப்பாவைக் கூப்பிடவான்னு கேட்டேன். "இன் எ மினிட்"னா. "கேன் யூ ஜஸ்ட் ஸ்டே? யூ டோண்ட் ஹாவ் டு ஸே எனிதிங்."

சரின்னேன். அடுப்பை அணைச்சுட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சற சத்தம், தூரத்துல ஏதோ டிரெயின். நான் சும்மா உக்காந்திருந்தேன்.