தலைமைக் காவலர் என் வானொலியில் ஒரு நிமிடம் ஐம்பது நொடி பேசியது குறித்து

அனுப்புநர்:
முதுநிலை உதவியாளர் (வயது 50),
எடைக்கருவி சரிபார்ப்பு ஆய்வகம்;
அமெச்சூர் வானொலி உரிமதாரர்,
மூன்றாம் வீடு, தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
துணை ஆணையர் அவர்கள்,
போக்குவரத்துக் காவல் பிரிவு.

பொருள்: தரைப்பாலச் சந்திப்பில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் மீதான குறிப்பாணை – அதற்கு ஆதாரமான பதிவை எழுதியவன் நானே – விடுபட்ட விவரங்களை அளித்தல் – குறிப்பாணையை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. என் வானொலி நிலையப் பதிவேடு, பக்கம் 212.
2. அதன் நகலுடன் உரிம அலுவலகத்துக்கு நான் எழுதிய கடிதம்.
3. தங்கள் அலுவலகக் குறிப்பாணை (எனக்குத் தகவலுக்காக அனுப்பப்பட்ட படி).

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலக முகப்பில் விசாரித்தபோது, மனுக்களைப் ‘புகார்’ என்ற தலைப்பில் மட்டுமே பதிவு செய்ய முடியும் என்றும், நன்றி தெரிவிப்பதற்குத் தனிப் பிரிவு இல்லை என்றும் கூறினார்கள். ஆகவே இதைப் புகார் என்றே அளிக்கிறேன். புகார் என் மீது.

1. எனக்குச் சிறு வயது முதல் இடது காலில் வலுவில்லை. முறைப்படி மாற்றிப் பதிவு செய்யப்பட்ட மூன்று சக்கர மோட்டார் சைக்கிளில் பணிக்குச் சென்று வருகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக அமெச்சூர் வானொலி உரிமம் வைத்துள்ளேன். வண்டியின் கைப்பிடிக்குக் கீழே வானொலிக் கருவியும், இருக்கைக்குப் பின்னால் பேட்டரிப் பெட்டியும், அதன்மேல் ஒன்றரை மீட்டர் ஆண்டெனாவும் பொருத்தியுள்ளேன். வண்டியில் இயக்குவதற்கான அனுமதி உரிமத்தின் நான்காம் பக்கத்தில் உள்ளது.

2. குறிப்பாணைக்கு உள்ளான தலைமைக் காவலரை நான் முதன்முதலில் சந்தித்தது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் என் வண்டியை நிறுத்தியபோது. “என்ன சார், வண்டியில தூண்டில் கட்டியிருக்கீங்க? மீன் பிடிக்கவா போறீங்க?” என்று கேட்டார். உரிமத்தை நீட்டினேன். இதற்கு முன் பலர் என்னை நிறுத்தியதுண்டு. முத்திரையைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். இவர் வெயிலில் நின்றபடி நான்கு பக்கங்களையும் படித்தார். “படிச்சுட்டேன். பாதி புரியல. ஆனா கம்பி வண்டிக்கு வெளிய நீட்டிக்கிட்டிருக்கு, நுனியில சிவப்புத் துணி கட்டணும். அது உங்களுக்கும் தெரியும்” என்றார். எனக்குத் தெரியும். கட்டாமல் விட்டிருந்தேன். அன்று மாலையே கட்டினேன். விதிகளைக் கடைசி வரி வரை படிக்கும் ஒருவரை அரசுச் சீருடையில் கண்டதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை அப்போதே எழுதித் தெரிவித்திருக்க வேண்டும். அந்தத் தாமதத்துக்கும் வருந்துகிறேன்.

3. ஓட்டுநர்கள் அவரைச் ‘சிக்னலம்மா’ என்று அழைப்பது தாங்கள் அறிந்ததே. அவர் நிற்கும் வேளையில் சிவப்பு விளக்கைக் கடந்த வாகனம் ஒன்றையும் நான் கண்டதில்லை.

4. இனி, வெள்ள நாள். முற்பகல் பதினொரு மணிக்கே கைப்பேசிகள் செயலிழந்தன. சற்று நேரத்தில் காவல் துறையின் வயர்லெஸ் கோபுரமும் நின்றது. தலைமைக் காவலரின் கையிலிருந்த கருவியில் இரைச்சல்கூட வரவில்லை. அவர் தரைப்பாலத்துக்குக் குறுக்கே கயிறு கட்டி இக்கரை வாகனங்களை எல்லாம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். நான் பஞ்சர் கடையின் தகரக் கூரைக்கடியில் ஒதுங்கியிருந்தேன். எஞ்சினுக்குள் நீர் புகுந்ததால் என் வண்டி நின்றுவிட்டது.

5. பிற்பகல் 2.12-க்கு அவர் என்னிடம் வந்தார். தரைப்பாலத்தின் நடுப்பகுதி அவர் கண்முன்னே அடித்துச் செல்லப்பட்டிருந்தது. அக்கரையிலிருந்து பார்த்தால் அது தெரியாது. அங்கே சாலை மரங்களுக்கிடையே வளைந்து நேரே பாலத்தில் இறங்குகிறது. 2.45-க்கு அவ்வழியே பள்ளிப் பேருந்து வரும். அதில் முப்பத்து நான்கு பிள்ளைகள். அவர் கேட்டது இவ்வளவுதான்: “சார், உங்க தூண்டில்ல இப்ப ஏதாவது மாட்டுமா?”

6. அக்கரையில் அதே சாலையில், ஓய்வுபெற்ற கப்பல் வானொலி அதிகாரி ஒருவர் வசிக்கிறார். எங்கள் வட்டத்தில் அவர் ‘கப்பல் அண்ணன்’. மழை நாளில் கருவியை அணைக்காத மனிதர். ஆனால் சந்திப்பைச் சுற்றி உயர்ந்த கட்டடங்கள் இருப்பதால் என் அழைப்பு அவரை எட்டவில்லை. தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போனால் எட்டும் என்றேன். முந்நூறு மீட்டர், ஏற்றம், சேறு. என்னால் நடக்க இயலாது, வண்டி ஓடாது. “பிரேக்கை விடுங்க. கெட்டியாப் பிடிச்சுக்கங்க” என்று மட்டும் சொன்னார். என்னோடும் கருவியோடும் வண்டியை 2.16 முதல் 2.27 வரை தனியாகத் தள்ளிக்கொண்டு மேட்டை அடைந்தார். வழியில் இருமுறை வழுக்கி முழங்காலில் விழுந்தார். இரண்டு முறையும் வண்டியை விடவில்லை.

7. 2.29-க்குக் கப்பல் அண்ணன் பதிலளித்தார். கையடக்கக் கருவியையும் குடையையும் எடுத்துக்கொண்டு எழுபத்தொரு வயதில் சாலைக்கு ஓடினார். 2.38-க்குப் பேருந்தை மறித்துவிட்டார். ஓட்டுநர் கேட்கவில்லை. “பெரியவரே, பத்தொன்பது வருஷமா இந்த வழியிலதான் வர்றேன். எனக்கா பாலம் காட்டுறீங்க? தள்ளுங்க” என்று அவர் சொன்னது, கப்பல் அண்ணன் பிடித்திருந்த கருவி வழியே எங்கள் இருவருக்கும் தெளிவாகக் கேட்டது. கியர் மாற்றும் ஒலியும் கேட்டது.

8. அந்த நொடியில் தலைமைக் காவலர் என் கையிலிருந்து மைக்கைப் பறித்தார். தாமே பொத்தானை அழுத்தினார். நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறியைச் சொல்லவில்லை. “யோவ் மஞ்ச பஸ்ஸு! சிக்னலம்மா பேசுறேன். முதல்ல சாவியத் திருப்பு. இறங்கு. வளைவு வரைக்கும் நடந்து போய் எட்டிப் பாரு. பாத்துட்டு வந்து என்கிட்ட பேசு” என்றார். எஞ்சின் நிற்கும் ஓசை கேட்டது. அதன்பின் ஓட்டுநர் மூச்சு வாங்கச் சொன்னது: “மேடம்… பாலமே இல்ல மேடம்.” “தெரியும்யா. பிள்ளைங்கள பெரியவர் வீட்டுல இறக்கு. எண்ணி இறக்கு” என்று சொல்லிவிட்டு மைக்கை என்னிடம் கொடுத்தார். நான் அழைப்புக்குறியைச் சொல்லி ஒலிபரப்பை முறைப்படி முடித்தேன். முப்பத்து நான்கு பிள்ளைகளும் மாலை ஆறு மணிவரை கப்பல் அண்ணன் வீட்டுக் கூடத்தில் இருந்தார்கள்.

9. அன்று மாலை நான் வழக்கம்போல் பதிவேட்டில் எழுதினேன். பக்கம் 212-இல் இரு வரிகள்: “2.16 – நிலையம் இடம் மாற்றப்பட்டது, 300 மீ.; விசை: தலைமைக் காவலர்.” “2.39 – உரிமம் இல்லாதவர் பேசினார், 1 நிமிடம் 50 நொடி, அழைப்புக்குறி சொல்லப்படவில்லை.” விதிப்படி நகலை உரிம அலுவலகத்துக்கு அனுப்பினேன். அவர்கள் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அந்த இரு வரிகளே குறிப்பாணையில் இரு குற்றச்சாட்டுகளாக வந்துள்ளன: பணியிடத்தை முப்பது நிமிடம் விட்டகன்றது, அனுமதியின்றித் தனியார் வானொலியைப் பயன்படுத்தியது. அவருடைய உதவி ஆய்வாளர் பதவி உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டு, மூன்று வாரங்களாகக் கோப்பறையில் பணியாற்றுகிறார்.

10. என் பிழை இதுதான். உயிருக்கு ஆபத்து நேரும் வேளையில், உரிமதாரர் உடனிருக்க, பிறர் பேசுவதற்கு என் உரிமத்தின் மூன்றாம் பக்கம் இடமளிக்கிறது. பதிவேட்டில் நான் அதைச் சுட்டவில்லை. நொடிகளை எழுதினேன், பிள்ளைகளை எழுதவில்லை. அதற்கென்று கட்டம் இல்லை. இதைக் கேட்ட என் மனைவி, “உங்க நோட்டுல எழுதினது எல்லாம் உண்மைதான். ஆனா நடந்தது எதுவும் அதுல இல்லையே” என்றாள். அவள் சொன்ன பிறகே இம்மனுவை எழுத உட்கார்ந்தேன்.

11. சந்திப்பு ஆளின்றி விடப்படவில்லை என்பதையும் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். தலைமைக் காவலர் பணித்தபடி பஞ்சர் கடைக்காரர் கயிற்றருகே நின்று ஒரு மிதிவண்டியைக்கூடப் பாலத்துக்கு விடவில்லை. அவர் வாயில் ஒரு விசில் இருந்தது. அது யாருடையது என்பதை நான் குறித்துக்கொள்ளவில்லை. மழை பலமாக இருந்தது.

12. மன்னிப்புக் கேட்பதற்காகத் தலைமைக் காவலரைக் கோப்பறையில் சந்தித்தேன். குறிப்பாணைக்கு அவர் அளித்த விளக்கம் ஒரே வரி என்று அறிந்தேன்: “அதில் எழுதியிருப்பது உண்மை.” இன்னும் விரிவாக எழுதும்படி வேண்டினேன். “நீங்க பொய் எழுதினீங்களா? இல்லல்ல? அப்புறம் என்ன சார்” என்றார். தேநீர் வரவழைத்தார். சன்னல் வழியே என் வண்டியைப் பார்த்துவிட்டு, “துணி வெளுத்துப்போச்சு பாருங்க, மாத்துங்க” என்றார்.

அவர் தமக்காகப் பேசமாட்டார் என்பதால், அவரைப் பற்றி அரைகுறையாக எழுதியவன் என்ற முறையில் நான் எழுதுகிறேன். கீழ்க்கண்டவற்றைத் தாங்கள் கருணையோடு ஆணையிட வேண்டுகிறேன்: மேற்படி குறிப்பாணையை நீக்கி, பதவி உயர்வுக்கான தடையை விலக்குதல்; ஒலிபரப்பில் முறைகேடு உண்டென்று தாங்கள் கருதினால், கருவிக்குப் பொறுப்பாளன் என்ற வகையில் அதை என் மீது சுமத்துதல்; விசாரணை நடக்குமாயின் என்னைச் சாட்சியாக அழைத்தல். மாடிப்படி ஏறுவதற்கு மட்டும் சற்று நேரம் தர வேண்டும்.

முறையாகப் படித்து, முறையாக நிறுத்தி, முறை போதாத இடத்தில் வண்டியையே தள்ளிய ஓர் அலுவலரை எங்கள் சந்திப்புக்குத் தந்தமைக்குத் தங்கள் துறைக்கு என் நன்றி. முப்பத்து நான்கு வீடுகளின் நன்றியையும் இத்துடன் இணைத்துள்ளேன். கையொப்பங்களை இருமுறை எண்ணிச் சரிபார்த்தேன்.

இம்மனுவை நேரில் அளிக்க இன்று காலை வரும் வழியில், தரைப்பாலச் சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் நின்றேன். எனக்குப் பின்னிருந்தவர்கள் ஒலியெழுப்பிவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பச்சை விழுவதற்குள் பதினேழு வாகனங்கள். அவரைத் திருப்பி அனுப்புங்கள், ஐயா.

இணைப்பு:
1. உரிமத்தின் நான்கு பக்கங்கள்.
2. பதிவேட்டின் பக்கம் 212. ‘காரணம்’ என்ற கட்டம் புதிதாகச் சேர்க்கப்பட்டு நிரப்பப்பட்டுள்ளது.
3. பேருந்து ஓட்டுநரின் கடிதம் (“அந்தம்மா எனக்கு ரெண்டு தடவை அபராதம் போட்டவங்க. அதனாலதான் குரலைக் கேட்டதும் காலு தானா பிரேக்குக்குப் போச்சு”).
4. பெற்றோர் கையொப்பங்கள், முப்பத்து நான்கு.

இடம்: தண்ணீர்த் தொட்டித் தெரு
நாள்: 17, செவ்வாய்க்கிழமை

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் உரிமையாளர்
(ஆண்டெனாவில் துணி மாற்றப்பட்டுவிட்டது)