கட்டி தட்டாத ஒரு பை

ஜூன் 4

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் என் ரத்தத்தைப் பார்த்தே நீ பொய் என்று கண்டுபிடித்துவிடுவாய், ஆகவே சுமார். போனில் பேசினால் உனக்கு அழுகை வருகிறது, எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. அதனால், என் ரத்தம் அடைத்த குழாயை இந்த ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் ரத்த வங்கிக்கு எடுத்துவரும் வண்டிக்காரரிடமே இதையும் கொடுக்கிறேன். "ஐஸ் பெட்டிக்கு உள்ளயா, வெளியவா?" என்றார். "உள்ள வச்சா பாசம் ஆறிடும், வெளியவே வைங்க" என்றேன்.

டாக்டர் சொன்னதில் பாதிதான் மண்டையில் ஏறியது. இத்தனை வருஷமாக ஊரார் ரத்தத்தை ஏற்றி ஏற்றி, என் ரத்தத்துக்கு இப்போது யாரையுமே பிடிக்கவில்லையாம். டெப்போவில் முப்பது வருஷம் டயர் மாட்டினேன். எல்லா பஸ்ஸுக்கும் ஒரே டீசல்தான். எனக்கு மட்டும் தனி டீசலா? ரத்த அளவு ஐந்தாம். கணக்குப் பரீட்சையில் நான் வாங்கியதும் அதுதான். அப்போதும் பிழைத்தேன்.

உன் அப்பா

ஜூன் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

காலையிலிருந்து இருபத்தாறு பைகளில் துளித்துளியாக எடுத்து உங்கள் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தேன். பொருந்தினால், குழாயை ஆட்டும்போது சிவப்புப் புகை மாதிரி கலைந்து பரவும். உங்களுக்கு எல்லாமே கட்டி கட்டியாக நிற்கிறது. ஜன்னலில் சீட்டை நீட்டுகிறவர்களுக்கெல்லாம் பை எடுத்துக் கொடுக்கிறேன். உங்களுக்கு ஒன்று கிடைக்கவில்லை.

அங்கே வந்தால் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். இங்கே இருந்தால் தேடலாம். எது சரி என்று தெரியவில்லை.

கூடப் பிறந்தவர்களுக்குப் பொருந்த வாய்ப்பு அதிகம். வீம்பு பார்க்காமல் சித்தப்பாவிடம் கேளுங்கள்.

பாப்பா

ஜூன் 7

அன்பு மகளுக்கு,

ஒரு உண்மை சொல்கிறேன், சிரிக்காதே. உன் கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயர் விடுபட்டதற்கு அச்சகத்துக்காரர் மேல் பழி போட்டேன் அல்லவா? எழுதிக் கொடுத்தது நான்தான். மறந்துவிட்டேன். கூடப் பிறந்தவனை மறந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, ஒன்பது வருஷம் நான்தான் கோபக்காரன் மாதிரி முறைத்துக்கொண்டு திரிந்தேன்.

நேற்று போன் செய்தேன்.

"இப்பத்தான் என் நம்பர் கெடச்சுதா?" என்றான்.

"ரத்தம் வேணும்டா" என்றேன்.

"எந்த பஸ்ல ஏறணும்?" என்றான்.

அவ்வளவுதான் பேச்சு. நாளை உன்னிடம் வருவான். சாப்பிடாமல் வந்தால் திட்டு.

உன் அப்பா

ஜூன் 9

அப்பாவுக்கு,

சித்தப்பா நேற்று வந்தார். மஞ்சள் காமாலை வந்ததுண்டா என்ற கேள்விக்கு, படிவத்தில் "இல்லை" என்று எழுதினார். அவர் ரத்தத்தை உங்களுடையதோடு சேர்த்து ஆட்டினேன். கட்டி இல்லை. பக்கத்து மேசை அக்கா கை தட்டினார். பையில் உங்கள் பெயரை நானே எழுதி ஒட்டினேன்.

மூன்று மணிக்குக் கிருமிப் பரிசோதனையின் முடிவு வந்தது. காமாலைக் கிருமி இருக்கிறது. மறுபடியும் செய்தேன். அதேதான்.

"எப்பவோ வந்தது பாப்பா. சொன்னா எடுக்கமாட்டீங்கன்னுதான் சொல்லல" என்றார். பையைக் காட்டி, "வடிகட்டித் தர முடியாதா?" என்று கேட்டார்.

பொருந்திய ஒரே பை. அழிக்கிற பெட்டியில் அதைப் போட்டதும் நான்தான். அதற்குப் பிறகு இன்னும் பதினான்கு பைகள் பார்த்துவிட்டேன். மற்ற ரத்த வங்கிகள் எல்லாம் கையை விரித்துவிட்டன.

பாப்பா

ஜூன் 12

அன்பு மகளுக்கு,

எழுத்து அழகாக இருக்கிறதே என்று பயப்படாதே. சொல்வது நான், எழுதுவது சித்தப்பா. பேனா பிடிக்க எனக்குத் தெம்பில்லை. உன்னிடமிருந்து நேராக இங்கே வந்தவன் இன்னும் நகரவில்லை. அவனுக்குக் காமாலை வந்தபோது கூட இருந்து கஞ்சி ஊற்றியவனே நான்தான். அதையும் மறந்தேன் பார். பொய் எழுதியதற்குத் திட்டினேன். பத்திரிகைப் பொய்யைவிட இது சின்னது என்கிறான். (சின்னது என்று சொல்லவில்லை. ரெண்டும் ஒண்ணுதான் என்றேன். – சித்தப்பா)

நீ அந்தப் பையைப் போட்டது சரி. டயரில் கம்பி தெரிந்தால் மேனேஜரே வந்து கேட்டாலும் நான் வண்டியை வெளியே விட்டதில்லை. ஜனங்கள் திட்டிக்கொண்டு நிற்பார்கள். நானும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பேன். வேறு என்ன செய்ய முடியும்?

ரத்த அளவு இன்று மூன்று. கணக்கு மார்க்கையும் தாண்டிக் கீழே போய்விட்டேன். தேடாதே என்றால் நீ கேட்கமாட்டாய். ஒரே ஒரு நாள் அந்தக் குழாய்களைப் பக்கத்து மேசை அக்காவிடம் கொடுத்துவிட்டு

பாப்பா, இதற்கு மேல் நானே எழுதுகிறேன். அண்ணன் பாதியில் கண் அயர்ந்துவிட்டார். என்ன சொல்ல வந்தார் என்று எழுப்பிக் கேட்க மனம் வரவில்லை. உனக்கே தெரியும்.

இன்று ஐஸ் பெட்டியில் ரத்தம் அடைத்த குழாய் வராது. இனி எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடிதம் மட்டும்தான் வருகிறது. அங்கிருந்து இங்கே திரும்பும்போது வண்டியில் உனக்கு ஒரு சீட்டு காலியாக இருக்குமா என்று வண்டிக்காரரிடம் கேட்டேன். இருக்குமாம்.

இப்படிக்கு,
உன் அப்பாவும் சித்தப்பாவும்