மாப்பிள்ளை விசாரிக்க வந்தவர்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
22.10.1998

அன்புத் தம்பி இளவரசனுக்கு அக்கா தென்றல் எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. அடைக்கலம் கேட்ட உன் மனுவைத் தள்ளிவிட்டார்கள், உன்மேல் வழக்கே இல்லை என்று உன் தெருவே சொன்னதாகச் சொல்கிறார்கள், காசு வாங்கிக்கொண்டு அப்படிச் சொன்னவன் எவன் என்று கேட்டிருக்கிறாய். எவனும் காசு வாங்கவில்லையடா. சொன்னது நம் அம்மா.

ஆனி மாதம் நான் வேலைக்குப் போயிருந்தபோது சென்னையிலிருந்து ஒருவர் வந்தாராம். பையன் எப்படி, கேஸ் கீஸ் உண்டா, பகையாளி உண்டா என்று நைசாகக் கேட்டாராம். வெளிநாட்டில் இருக்கிற பையனை இப்படித் துருவுகிறவர் பெண் வீட்டுக்காரராகத்தானே இருக்க வேண்டும்? நீ இருக்கிற நாட்டுத் தூதரகம் அனுப்பிய வக்கீல் என்று அம்மா என்னத்தைக் கண்டாள்! போலீஸ் உதைத்து உடைத்த கதவின்மேல் புதுப் புடவையைத் தொங்கவிட்டு, காபி கொடுத்து, "எங்க வாசப்படிய போலீஸ் மிதிச்சதே இல்லைங்க" என்று சொல்லியிருக்கிறாள். எதிர்வீட்டு ரேணுகாம்பாளும் டீக்கடை ஆதிமூலமும் அதையேதான் சொன்னார்களாம். நல்ல காரியத்தைக் கெடுத்த பாவம் நமக்கெதற்கு என்று.

குவாரிக்காரர் லாரியை நீ கொளுத்தவில்லை, கூலி கேட்டுச் சங்கம் வைத்ததற்காகப் போட்ட கேஸ் அது என்று தெருவுக்கே தெரியும். கட்சியில் இப்போது அவர் செல்வாக்கு இன்னும் ஜாஸ்தி. உன்னோடு சேர்த்து மாட்டிவிட்ட சடையன் போன வாரம் ஜாமீனில் வந்தான். இரண்டு பேர் தாங்கித்தான் பஸ்ஸிலிருந்து இறக்கினோம். "இளவரசு இங்க வந்துடக் கூடாதுக்கா" என்றான்.

எஃப்.ஐ.ஆர். நகலும் கதவின் போட்டோவும் இதோடு பதிவுத் தபாலில் வருகின்றன. அப்பீலில் கொடு. நடந்ததை அப்படியே சொல். நம்புவார்களோ, சிரிப்பார்களோ.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை, தாங்க மாட்டாள். நீயும் கோபித்து எழுதிவிடாதே. பெண் வீட்டிலிருந்து பதில் வந்ததா என்று தினமும் கேட்கிறாள். நீ சீக்கிரம் ஊர் திரும்பித் தாலி கட்ட வேண்டும் என்று பௌர்ணமிதோறும் மலை சுற்றுகிறாள். நானும் கூடவே நடக்கிறேன். நீ வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டு.

எங்கேயாவது நல்லாயிரு தம்பி.

உன் அக்கா,
தென்றல்